மதியம் மோட்டார் போட்டால் பில் குறையுமா? நேரத்துக்கு ஒரு மின் கட்டணம் - வீடுகளுக்கு லாபமா, சுமையா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கிற ஊர் செம்மங்குப்பம். இந்தப் பகுதியில் ஓடும் மின்கம்பிகளில் வருவது ஒரே மின்சாரம்தான். ஆனால் அதற்குப் போடும் கணக்கு இரண்டு விதம்.

உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைக்கு மாலை 6 மணி அடித்ததும் யூனிட் விலை ஏறும். இரவு 10 மணிக்கு இறங்கும். நடுராத்திரியில் கொஞ்சம் தள்ளுபடிகூட உண்டு. ஆலை காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. காலை 11 மணிக்கு மோட்டார் போட்டாலும், இரவு 8 மணிக்குப் போட்டாலும் ஒரு யூனிட் ஒரு யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வருவார், மொத்த யூனிட்டைக் குறிப்பார், பில் வரும். 'எவ்வளவு' என்பது மட்டும்தான் கேள்வி. 'எப்போது' என்று யாரும் கேட்பதில்லை.

அந்த 'எப்போது' என்ற கேள்வியையும் வீட்டுக்குள் கொண்டுவரும் விதி 2023-லேயே வந்துவிட்டது. கேரளத்தில் அதிகம் செலவழிக்கும் வீடுகளுக்கு அது நடைமுறையிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன ஆகும்? பில் கூடுமா, குறையுமா? யாருக்குக் குறையும், யாருக்குக் கூடும்?

விதி என்ன சொல்கிறது?

2023 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சகம் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதன் சாரம் இதுதான்:

- 10 கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1-க்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும்.
- விவசாயம் தவிர்த்த மற்ற எல்லோருக்கும், அதாவது வீடுகளுக்கும், 2025 ஏப்ரல் 1-க்குள் வர வேண்டும்.
- ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இணைப்புக்கு, பொருத்திய உடனே இது அமலாக வேண்டும்.
- ஒரு நாளில் 8 மணி நேரம் 'சூரிய ஒளி நேரம்'. அந்த நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20% குறைவாக இருக்க வேண்டும்.
- உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10%, வணிக, தொழில் இணைப்புகளுக்குக் குறைந்தது 20% கூடுதல்.
- உச்ச நேரம் என்று அறிவிக்கும் மணிக்கணக்கு, சூரிய ஒளி நேரத்தைவிட அதிகமாக இருக்கக் கூடாது.

ஆனால் மின் கட்டணத்தை நிர்ணயிப்பது அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். எந்த மணி முதல் எந்த மணி வரை, எத்தனை சதவிகிதம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தவிர, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதிவு செய்யும் மீட்டர் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண மீட்டருக்கு மொத்தக் கணக்கு தெரியும், மணிக்கணக்கு தெரியாது.

ஏன் இந்த நேரக் கணக்கு?

மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு தேவையோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தி இருக்க வேண்டும். பிரச்சினையின் வேர் இங்கேதான்.

தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் நிறுவு திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் மின்சாரம் கொட்டுகிறது. ஆனால் சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு அது மொத்தமும் கையை விரித்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புகிறார்கள். லைட், ஃபேன், டிவி, மிக்ஸி, மோட்டார், அயர்ன் பாக்ஸ், அப்புறம் ஏசி. சூரியன் இறங்கும் கோடும், வீட்டுத் தேவை ஏறும் கோடும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நேரம் அது.

மொத்தத் தேவையிலிருந்து சூரிய மின்சாரத்தைக் கழித்து, மீதியை ஒரு வரைபடமாகப் போட்டால் மதியம் வயிறு தொங்கி, மாலையில் கழுத்து நிமிர்ந்து நிற்கும் வாத்து மாதிரி தெரியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதற்கு 'வாத்து வளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கழுத்துப் பகுதிதான் மின்வாரியத்துக்குத் தலைவலி.

கடலூர் மாவட்டத்துக்கு இது எங்கோ நடக்கும் கதை இல்லை. மேற்கே நெய்வேலியில் என்எல்சியின் பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்கள். தெற்கே பரங்கிப்பேட்டை பக்கம், இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் தனியார் அனல்மின் நிலையம். அனல்மின் நிலையம் என்பது பல்பு மாதிரி சுவிட்சைத் தட்டி அணைத்து, மறுபடி போடுகிற விஷயம் அல்ல. கொதிகலனை ஒருமுறை அணைத்துவிட்டால் திரும்பச் சூடேற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதனால் மதியம் தேவை இல்லாவிட்டாலும், உற்பத்தியை ஓரளவுக்குத்தான் குறைக்க முடியும். நிலக்கரி நிலையங்கள் தங்கள் திறனில் 55% வரை இறங்கி ஓடப் பழக வேண்டும், படிப்படியாக 40% வரை போக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி போட்டது. அப்படி ஏற்றி இறக்கி ஓட்டினால் இயந்திரத் தேய்மானமும் கூடும், எரிபொருள் செலவும் கூடும்.

மின்சாரச் சந்தையிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்து கைகொடுக்கும் நாட்களில் மதிய விலை யூனிட்டுக்கு ஒன்றிரண்டு ரூபாய்க்கும் கீழே போகிறது. அதே சந்தையில், மாலை நேரத்து விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்ட நாட்களும் உண்டு. மின்வாரியம் மதியம் வாங்கும் விலை வேறு, இரவு 7 மணிக்கு வாங்கும் விலை வேறு. நாம் கட்டும் விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. இப்படிப்பட்ட கோடை நாட்களின் சில மணி நேரத் தேவைக்காகவே மின் நிலையங்கள், துணைமின் நிலையங்கள், டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் அமைக்க வேண்டியிருக்கிறது. வருஷத்தின் மற்ற நாட்களில் அவற்றில் ஒரு பகுதி சும்மாதான் இருக்கும். ஆனால் அவற்றுக்கான கடனும் வட்டியும் சும்மா இருப்பதில்லை.

ஆலைகளுக்கு ஏற்கெனவே பழகிய கணக்கு

தமிழ்நாட்டில் உயர் அழுத்தத் தொழில் இணைப்புகளுக்கு நேரவாரிக் கட்டணம் பல வருஷமாக இருக்கிறது. 2022 செப்டம்பர் கட்டண உத்தரவின்படி, காலையிலும் மாலை 6 முதல் இரவு 10 வரையிலும் இருக்கும் உச்ச நேரங்களில் யூனிட் விலையில் 25% கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5% தள்ளுபடி.

பெரிய ஆலைகள் இதற்கேற்ப ஷிஃப்டை மாற்றின. அதிக மின்சாரம் இழுக்கும் வேலையை ராத்திரிக்குத் தள்ளின. ஆனால் சின்னப் பட்டறைகளால் அப்படி முடியவில்லை. பகல் ஒரே ஷிஃப்டில் பத்துப் பேரை வைத்து வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர், ஆட்களை ராத்திரி பத்து மணிக்கு வரச் சொல்ல முடியுமா? சிறு, குறு தொழில்களுக்கும் உச்ச நேரக் கட்டணம் என்றபோது எதிர்ப்பு கிளம்பியது. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ஒருநாள் உற்பத்தி நிறுத்தம் வரை போனது. அவர்களுக்கான 25% பிறகு 15% ஆகக் குறைக்கப்பட்டது.

வீடுகளுக்கான பாடம் இதில் இருக்கிறது. நேரத்தை மாற்ற முடிந்தவர்களுக்கு நேரவாரிக் கட்டணம் ஒரு வாய்ப்பு. மாற்ற முடியாதவர்களுக்கு அது இன்னொரு கட்டண உயர்வு.

ஒரு வீட்டுக் கணக்கு போட்டுப் பார்ப்போம்

பேச்சு போதும், காசுக் கணக்குக்கு வருவோம். புரிவதற்காக ஒரு மாதிரி வீடு. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். கணக்கு எளிதாக இருக்க, யூனிட் சராசரி விலை 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரம் பார்க்காத பில்: 3,600 ரூபாய்.

இந்த 600 யூனிட்டில் மாலை 6 முதல் 10 வரை 210 யூனிட். சூரிய ஒளி நேரத்தில் 150. பகலின் மீதி நேரங்களில் 90. இரவு 10 முதல் காலை 6 வரை 150.

முதலில், மத்திய விதியின் குறைந்தபட்ச அளவு. சூரிய ஒளி நேரத்தில் 20% குறைவு, உச்ச நேரத்தில் 10% கூடுதல். அப்படியானால் உச்ச நேரத்து 210 யூனிட் 1,386 ரூபாய். சூரிய ஒளி நேரத்து 150 யூனிட் 720 ரூபாய். மற்ற 240 யூனிட் 1,440 ரூபாய். மொத்தம் 3,546 ரூபாய். எதையும் மாற்றாமலேயே 54 ரூபாய் மிச்சம்! தள்ளுபடி சதவிகிதம் கூடுதலைவிட இரண்டு மடங்கு என்பதுதான் காரணம்.

இதோடு 40 யூனிட்டை மாலையிலிருந்து மதியத்துக்கு நகர்த்தினால்? பில் 3,474 ரூபாய். மொத்தம் 126 ரூபாய் மிச்சம்.

இரண்டாவது, கேரள முறை. அங்கே மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்கு 2024 டிசம்பர் கட்டண உத்தரவு வழியாக இது வந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை 10% குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25% கூடுதல், இரவு 10 முதல் காலை 6 வரை வழக்கமான விலை. அதே மாதிரி வீட்டுக்கு இந்தச் சதவிகிதங்களைப் பொருத்தினால், உச்ச நேரம் 1,575 ரூபாய், பகல் 240 யூனிட்டுக்கு 1,296 ரூபாய், இரவுக்கு 900 ரூபாய். மொத்தம் 3,771 ரூபாய். எதையும் மாற்றாவிட்டால் 171 ரூபாய் கூடுதல்.

40 யூனிட்டைப் பகலுக்கு நகர்த்தினாலும் 3,687 ரூபாய். இன்னும் 87 ரூபாய் கூடுதல்தான். பழைய பில்லுக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஏறக்குறைய 82 யூனிட்டை நகர்த்த வேண்டும். மாலைப் பயன்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு!

வீடும் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். சதவிகிதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. அதனால் 'நேரவாரிக் கட்டணம் நல்லதா, கெட்டதா' என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. 'எத்தனை சதவிகிதம், எந்த மணி முதல் எந்த மணி வரை' என்றுதான் கேட்க வேண்டும்.

எதை நகர்த்த முடியும், எதை முடியாது?

வீட்டுச் சாமான்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

நகரக்கூடியவை: தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், மாவு அரைக்கும் கிரைண்டர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜிங், கீசர். இவை எப்போது ஓடினாலும் வேலை ஒன்றுதான்.

நகராதவை: லைட், ஃபேன், டிவி, ராத்திரிச் சமையல், பிள்ளைகள் படிக்கும் நேரம், ஃபிரிட்ஜ், தூங்கும் அறை ஏசி. கடலோர ஊரில் மே மாதப் புழுக்கத்தில் 'ஃபேனைப் பத்து மணிக்கு மேல போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

மேலே சொன்ன 40 யூனிட் என்பது நாளொன்றுக்கு முக்கால் யூனிட்கூட இல்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடினால் மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. தினமும் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 24 யூனிட். வெந்நீர் போடாமல் வாஷிங் மெஷினை ஒரு தடவை ஓட்ட அரை யூனிட் அளவு ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் 15 யூனிட். இந்த இரண்டை மட்டும் மதியத்துக்கு மாற்றினாலே 39 வந்துவிடுகிறது.

இதில் தண்ணீர் மோட்டாருக்குத் தனி இடம் உண்டு. மொட்டை மாடித் தொட்டி என்பது ஒருவகை பேட்டரிதான். மின்சாரம் மலிவாக இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால், மாலையில் குழாயைத் திறந்தால் போதும், மின்சாரம் வேண்டாம். மாநிலமே இதைப் பெரிய அளவில் செய்கிறது. ஆழியாறு அருகே காடம்பாறையில் இருக்கும் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம், மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை கூடும் நேரத்தில் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. நம் வீட்டுத் தொட்டியும் காடம்பாறையும் தத்துவத்தில் ஒன்றுதான்.

ஆளே இல்லாத வீட்டில் யார் மோட்டார் போடுவது?

நகரக்கூடியவை என்று பட்டியல் போடுவது சுலபம். ஆனால் மதியம் 12 மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு காலை எட்டரைக்குப் பூட்டப்பட்டு மாலை ஆறரைக்குத்தான் திறக்கிறது. மோட்டார், துணி, மாவு எல்லாம் ஆறரைக்கு மேல்தான். அவர்களுக்கு உச்ச நேரம் என்பது தவிர்க்கக்கூடிய நேரம் அல்ல. வீட்டில் இருக்கும் ஒரே நேரம் அது. சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர் வீட்டில் கணக்கே வேறு. ஒரு வாரம் பகலில் ஆள் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது.

பகலில் ஆள் இருக்கும் வீட்டிலும், இயந்திரம் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளாது. யாரோ ஒருவர் ஞாபகம் வைத்து மாற்ற வேண்டும். நம் வீடுகளில் அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் பெண்தான். துணி, மாவு, தண்ணீர், மாலைச் சமையல் என்று ஏற்கெனவே கடிகாரத்தோடு ஓடுபவருக்கு, 'ஆறு மணிக்குள்ள முடிச்சிடு' என்று இன்னொரு கெடு. கட்டணத்தை வடிவமைப்பவர்களின் அட்டவணையில் இந்த வேலைக்கு ஒரு கட்டம் இருப்பதில்லை.

வாடகை வீட்டுக்காரர்களின் நிலைமை இன்னும் வேடிக்கை. பல இடங்களில் வாடகைக்கு இருப்பவர் மின்வாரியத்துக்கு நேரடியாகப் பணம் கட்டுவதில்லை. சப் மீட்டர் பார்த்து 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று ஹவுஸ் ஓனரிடம் கொடுக்கிறார். அவர் மதியம் மோட்டார் போட்டால் தள்ளுபடி ஓனருக்குப் போகும். மாலையில் போட்டால் கூடுதல் கட்டணம் வாடகைக்காரர் தலையில் விழ வாய்ப்பு அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏசி, கீசர், டபுள் டோர் ஃபிரிட்ஜ் எதுவுமே இல்லாத, இரண்டு லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி வீட்டில் நகர்த்துவதற்கு என்ன இருக்கிறது? பெரிய வீட்டில் நகர்த்த நிறைய இருக்கும், டைமர் வைத்த வாஷிங் மெஷினும் இருக்கும். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளோடு கேரளம் நிறுத்திக்கொண்டதில் இந்த நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் சிக்கல்: 500-வது யூனிட்

இங்கே ஏற்கெனவே வேறொரு கணக்கு வலுவாக வேலை செய்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2016 மே மாதம் வந்த சலுகை அது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்ச் சொச்சம். 1,000-க்கு மேல் பதினொரு ரூபாய்க்கும் அதிகம்.

அதோடு முடியவில்லை. மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குச் சலுகை விலை உண்டு. 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அந்த ஒரு யூனிட்டால் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும். 'ஐநூறைத் தாண்டிடுச்சாம்' என்று தெருவில் பேசிக்கொள்வது இதைத்தான்.

மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் கஷ்டப்பட்டு 40 யூனிட்டை மதியத்துக்கு நகர்த்தினால், நகர்த்தியதற்காகக் கிடைப்பது 72 ரூபாய். 505-லிருந்து 499-க்கு இறங்கினால் கிடைப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அப்படியிருக்க, ஒரு தமிழ்நாட்டு வீடு எதைப் பார்க்கும்? கடிகாரத்தையா, மீட்டர் எண்ணையா?

அதனால்தான் 10% கூடுதல் என்பது இங்கே பலருடைய பழக்கத்தை அசைக்காமல் போகலாம். அதற்காக 30, 40% என்று ஏற்றினால், நகர்த்த முடியாத வீடுகளுக்கு வலிக்கும்.

வெளிநாட்டு அனுபவம் என்ன?

இலங்கையில் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் விருப்பத் தேர்வாக இருக்கிறது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், அதன் பிறகு காலை 5.30 வரை மலிவு. பொருந்தும் என்று நினைப்பவர் மட்டும் சேரலாம்.

தமிழர்கள் அதிகம் வாழும் டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பல வருஷமாக வீடுகளுக்கு இது பழகிய விஷயம். அங்கே வார நாட்களில் மாலை 7 மணிக்கு மேலும், சனி, ஞாயிறு முழுவதும் விலை குறைவு. 'ஏழு மணிக்கு மேல் துணி துவைப்பது' அங்குள்ள பல வீடுகளில் சாதாரணப் பழக்கம். 2023 மே முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை மிக மலிவான இன்னொரு திட்டமும் வந்தது. மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

பிரிட்டனில் 1970-களிலேயே 'எகானமி 7' என்று ராத்திரி ஏழு மணி நேரத்துக்கு மலிவு விலை வந்துவிட்டது. ராத்திரியில் செங்கல் ஹீட்டரைச் சூடேற்றிவைத்து, பகலில் குளிர் காய்ந்தார்கள்.

இந்த அனுபவங்களிலிருந்து ஆய்வாளர்கள் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, உச்ச விலைக்கும் மலிவு விலைக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக மக்கள் நேரத்தை மாற்றுகிறார்கள். இடைவெளி சின்னதாக இருந்தால் மாற்றமும் சின்னதுதான். இரண்டு, மனிதரின் ஞாபகத்தை நம்புவதைவிட, டைமர், ஸ்மார்ட் பிளக் மாதிரி தானாக இயங்கும் கருவி இருக்கும் வீடுகளில் மாற்றம் கூடுதலாக இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இப்படி மாறுவது பெரும்பாலும் நேரம்தான், அளவு அல்ல. மாலையில் ஓடிய மோட்டார் மதியம் ஓடும். யூனிட் அப்படியேதான் இருக்கும். மொத்தச் செலவு குறைய வேண்டுமானால் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எப்போது வரும்?

ஸ்மார்ட் மீட்டர் வராமல் நேரவாரிக் கட்டணம் வராது. சென்னை தியாகராய நகரில் சோதனை முயற்சியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுக்கப் பொருத்துவதற்கான டெண்டரில் கேட்கப்பட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது. மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு என்ற 2021 தேர்தல் வாக்குறுதியும் இதே மீட்டரோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறது.

'ஸ்மார்ட் மீட்டர் வந்தா பில் ஏறிடும்' என்ற பயம் பரவலாக இருக்கிறது. மீட்டர் அளக்கும் கருவி மட்டும்தான். பில்லை ஏற்றுவதோ இறக்குவதோ அதன் பின்னால் வரும் கட்டண உத்தரவு. உத்தரவு போடுவதற்கு முன்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். சதவிகிதம், மணி, யாருக்கு விலக்கு என்பதையெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். பில் வந்த பிறகு பேசினால் தாமதம்.

அதுவரை வீடுகள் என்ன செய்யலாம்?

நேரத்தை இப்போது மாற்றினால் பில்லில் ஒரு பைசா குறையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு அது உதவும். கோடையில் இரவு 8 மணிக்கு வோல்டேஜ் இறங்கி ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதற்கு, ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடுவது ஒரு காரணம்.

பில் குறைய வேண்டுமென்றால் இப்போதைக்கு யூனிட்டைக் குறைப்பதுதான் வழி:

- சாதாரண மின்விசிறி 70-75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மின்விசிறிக்கு 30 வாட் அளவு போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மேலே பார்த்த 40 யூனிட்டை நகர்த்துவதற்குப் பதிலாக, ஏறக்குறைய அவ்வளவையும் செலவே செய்யாமல் இருப்பது இது.
- மாதம் ஒருமுறை மீட்டரை நீங்களே பாருங்கள். 500-ஐ நெருங்குகிறதா என்பது கணக்கெடுப்பு நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.
- புதிதாக வாங்கும் வாஷிங் மெஷின், மோட்டார் ஸ்டார்ட்டரில் டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். நேரவாரிக் கட்டணம் வந்தால் அந்த டைமர்தான் ஆளில்லாத வீட்டுக்கு ஆள்.
- மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் சூரிய மின் தகடுகளை யோசிக்கலாம். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஒரு கிலோவாட், நல்ல வெயில் நாளில் 4 யூனிட் அளவு தரும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரவாரிக் கட்டணம் வரும் காலத்தில் நீங்கள் மதியம் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பும், மாலையில் வாங்கும் யூனிட்டின் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

நேரம் பார்த்து மின்சாரம் பயன்படுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2011-13 மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் மாவு அரைத்தார்கள், தொட்டி நிரப்பினார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். மும்முனை மின்சாரத்துக்காக ராத்திரி கண்விழித்து மோட்டார் போட்ட விவசாயிகளும் உண்டு. அன்று வீட்டுக்காரர்களுக்கு வேறு வழி இல்லை. நேரவாரிக் கட்டணம் வந்தால், 6 மணிக்குப் பிறகும் சுவிட்சைப் போட்டால் லைட் எரியும். ஆனால் அதைப் போடலாமா என்று யோசிக்க வேண்டியது யார், எந்த வருமானத்தில் இருக்கும் வீடு என்பதை, ஆணையம் போடப்போகும் அந்த இரண்டு சதவிகிதங்கள்தான் முடிவு செய்யும்.